மரீ அந்த்வானெத் பீங்கான் மார்புச்சிலை: கழுத்துக் கறையும் நீல முத்திரையும்

பிரெஞ்சு அரசி மரீ அந்த்வானெத்தின் மார்புச்சிலையில் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கோடு, சிலையின் உள்புறம் நீல இரட்டை 'எல்' முத்திரை, பிளீச் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். இந்தச் சிலை பிஸ்க் பீங்கான், அதற்கு மெருகுப்பூச்சு கிடையாது. அழுக்கு பிடிக்கும், விரிசல் வழியே பிளீச் உள்ளே இறங்கினால் பிறகு மேற்பரப்பில் உப்புப் பூக்கும்.

அந்தக் கோடு பழைய ஒட்டுப் பசையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருட்டறையில் புற ஊதா விளக்கு காட்டுங்கள். கோடு தனியாக ஒளிர்ந்தால் தண்ணீரே படக்கூடாது, பீங்கான் சீரமைப்பாளரிடம் கொடுங்கள். இல்லையென்றால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை மறைவான இடத்தில் உருட்டிப் பாருங்கள். பீடத்தை இணைக்கும் இரும்புத் திருகை நனைக்க வேண்டாம், துருக்கறை போகாது.

முத்திரைதான் உறுத்துகிறது. பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையின் சிற்பக்கூடத்தை 1773 முதல் சிற்பி புவாசோ நடத்திய காலத்து பிஸ்க் சிலைகளில் கீறிய எழுத்துகளே வழக்கம். அந்த ஆலையின் குறியான நீல இரட்டை 'எல்' 19ஆம் நூற்றாண்டு நகல்களில் ஏராளம்.