மீட்டரில் ஏறியிருக்கும் கடன் யாருடையது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்ட். மூன்று வயதில் மகன். குடிவந்து 60 வாரம் ஆகிறது. மின்சாரத்துக்குச் சாவி, கேஸுக்குக் கார்டு, இரண்டுமே முன்பணம் போடும் மீட்டர். வாரம் சாவியில் 20 பவுண்டு, கார்டில் 15 பவுண்டு போடுகிறோம். ஐந்தாம் நாளே தீர்ந்துவிடுகிறது. மீட்டரில் பட்டனை அழுத்தி ஒவ்வொரு திரையாகப் பார்த்தபோது மின்சாரத்தில் 310, கேஸில் 280 பவுண்டு கடன் என்று காட்டுகிறது. வாரம் 6 பவுண்டும் 5 பவுண்டும் பிடிக்கிறார்கள். முன்பு குடியிருந்தவர் வைத்துப் போன பாக்கி என்கிறார் கணவரின் சித்தப்பா. வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். "கம்பெனிக்குப் போன் போடாதீர்கள், மொத்தக் கடனும் உங்கள் தலையில் விழும், வாரண்டோடு வருவார்கள்" என்கிறார். நூற்றுக்கு மாதம் 2 வட்டிக்கு 600 பவுண்டு தருகிறேன், அடைத்துவிடுங்கள் என்றும் சொல்கிறார். பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு விளம்பரமும் பார்த்தேன், 30 சதவீதம் கமிஷனாம். விசாவில் இருப்பதால் எதற்கும் பயமாக இருக்கிறது. எந்த வழியில் போகலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. சித்தப்பாவின் 600 பவுண்டும் வேண்டாம், 30 சதவீதக் கம்பெனியும் வேண்டாம். அந்தக் கடன் உங்களுடையதே இல்லை. இல்லாத கடனை அடைக்க வட்டிக்குப் பணம் வாங்குவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிக்கனமாக இருங்கள், ஹீட்டரைக் குறையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. வாரம் 35 பவுண்டில் குழந்தையோடு குளிர்காலத்தை ஓட்டும் உங்களுக்கு அது தெரியாததல்ல. உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: யாரோ விட்டுப்போன சாவியையும் கார்டையும் 60 வாரமாக, ஒரு வார்த்தை கேட்காமல், பணம் ஏற்றித் தரும் பேபாயிண்ட் கடையில் நீட்டிக்கொண்டே இருப்பது.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். சாவியில் 20 பவுண்டு போடுகிறீர்கள். ஸ்டாண்டிங் சார்ஜ், அதாவது பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தினமும் பிடிக்கும் கட்டணம், நாளுக்கு 55 பென்ஸ் என்று வைத்தால் வாரத்துக்கு 3.85 போகும். பழைய கடனுக்கு 6 பவுண்டு. விளக்குக்கும் சமையலுக்கும் மிஞ்சுவது 10.15. கேஸில் 15 பவுண்டு. ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 30 பென்ஸ் வீதம் 2.10, கடனுக்கு 5, மிச்சம் 7.90. ஆக, வாரம் போடும் 35 பவுண்டில் 11 பவுண்டு முன்பின் தெரியாத ஒருவரின் பாக்கிக்குப் போகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 60 வாரத்துக்கு 660 பவுண்டு. இதற்கு மேல் சித்தப்பாவிடம் 600 வாங்கி மீதி 590-ஐயும் கட்டினால், அடுத்தவருக்காக நீங்கள் கட்டியது 1,250 பவுண்டு ஆகிவிடும். அவருக்கு மாதம் 12 பவுண்டு வட்டி தனி.

சரி, எது திரும்பி வரும், எது வராது என்பதில் தெளிவாக இருங்கள். கடன் என்று பிடித்த 660 பவுண்டுதான் உங்கள் கோரிக்கை. ஸ்டாண்டிங் சார்ஜ் வராது. ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எமர்ஜென்சி கிரெடிட் என்று மீட்டர் அவசரத்துக்குக் கொடுக்கும் தொகையை அடுத்த டாப்-அப்பில் எடுத்துக்கொள்வதும் நியாயமானதே. இவற்றையும் சேர்த்து "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள்" என்று எழுதினால் உங்கள் நல்ல வழக்கை நீங்களே பலவீனமாக்குவீர்கள்.

இப்போது சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். பிரிட்டனில் ஒரு வீட்டில் குடியேறிய நாளிலிருந்து அங்கே மின்சாரமோ கேஸோ தரும் கம்பெனி, அதாவது சப்ளையர், யாரோ அவரோடு உங்களுக்குத் தானாகவே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது, கையெழுத்துப் போடாவிட்டாலும். அந்த நாளுக்கு முந்தைய பாக்கி அதில் சேராது. ஆனால் நீங்கள் வந்திருப்பது சப்ளையருக்குத் தெரிய வேண்டுமே! பழைய சாவியைப் போட்டுக்கொண்டே இருக்கும்வரை, முன்பு இருந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஒழுங்காகக் கடன் அடைக்கிறார் என்றுதான் அவர்கள் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். சித்தப்பா பயந்தது நடந்துகொண்டிருப்பதே நீங்கள் போன் போடாததால்தான். வாரண்ட் பயத்துக்கும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. பாக்கி வைத்தவர்களின் வீடுகளில் நீதிமன்ற அனுமதியோடு நுழைந்து இந்த மீட்டரைப் பொருத்திய விவகாரம் பெரிதாகி, 2023 பிப்ரவரியில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு கடுமையான விதிகளும் வந்தன. ஆனால் நீங்கள் பாக்கிக்காரர் இல்லை. இந்த மீட்டரும் ஏற்கனவே உங்கள் வீட்டில் இருக்கிறது.

விசா பற்றி: பொது நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை அரசு உதவித்தொகைகளுக்கானது. கேஸ் கம்பெனியிடம் உங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பது அதில் வராது. நிம்மதியாகப் பேசுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது. முதலில் கைபேசியை எடுத்து இரண்டு மீட்டரின் திரைகளையும் ஒவ்வொன்றாகப் படம் பிடியுங்கள்: ரீடிங், மீதிக் கடன், வாராந்திரப் பிடித்தம். குடிவந்த தேதியைக் காட்ட வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில்லும் போதும். குடிவந்த அன்றைய ரீடிங் வீட்டு உரிமையாளரிடமோ ஏஜெண்டிடமோ இருக்கலாம், கேளுங்கள். பேபாயிண்ட் ரசீதுகளைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். அது மெல்லிய காகிதம், கைப்பையில் இருந்தாலே சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். இனி வாங்கியவுடன் படம் எடுத்து வையுங்கள். பழையவை இல்லையே என்று கலங்க வேண்டாம். சாவியிலும் கார்டிலும் ஏற்றிய ஒவ்வொரு தொகையும் சப்ளையரிடம் பதிவாகியிருக்கும்.

அப்புறம் சப்ளையருக்குப் போன் செய்துவிட்டு, அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மின்சாரமும் கேஸும் வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக. இன்ன தேதியில் குடிவந்தோம், அந்த நாளிலிருந்து எங்கள் பெயரில் கணக்குத் தொடங்குங்கள், மீட்டரில் உள்ள பழைய கடனை நீக்குங்கள், புதுச் சாவியும் கார்டும் அனுப்புங்கள், அன்றிலிருந்து பிடித்த கடன் தொகையைத் திருப்பித் தாருங்கள். இவ்வளவுதான். இது ஒரு கம்ப்ளெய்ண்ட் என்ற சொல்லை வெளிப்படையாக எழுதுங்கள். சும்மா விசாரித்தார்கள் என்று பதிந்துவிட்டால் நாள் கணக்குத் தொடங்காது. பணத்தை மீட்டரில் வரவு வைக்கிறோம் என்பார்கள். வங்கியில்தான் வேண்டும் என்றால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எட்டு வாரத்தில் தீர்க்கவில்லை என்றாலோ, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்தாலோ, மின்சார, கேஸ் புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சப்ளையர் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கடிதம் எழுத சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவும். இதையே செய்து தருவதாகச் சொல்லித்தான் அந்த விளம்பரக் கம்பெனி 660-இல் 198 பவுண்டு கேட்கிறது. உங்கள் மகனின் குளிர்கால உடுப்புக்கான பணம் அது. இந்த மாதிரி விளம்பரங்கள் இப்போது எங்கு பார்த்தாலும் வருகின்றன. எனக்கு இவற்றின் மேல் பொறுமையே இல்லை.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். பழைய சாவியில் பழைய கட்டண விகிதம் ஓடியிருந்தால், மறுகணக்கில் நீங்கள் கொஞ்சம் தர வேண்டும் என்று வரலாம். கணக்கை எழுத்தில் கேட்டு, வரி வரியாகப் பாருங்கள். 12 மாதத்துக்கு மேல் பழைய, அப்போதே பில் செய்யாத தொகையைப் பொதுவாக அவர்கள் இப்போது கேட்க முடியாது.

இடையில் டாப்-அப் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் அப்படிச் செய்தால் குழந்தைதான் குளிரில் கிடப்பான். வங்கியிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் மாதாந்திர டைரக்ட் டெபிட்டுக்கு அவசரமாக மாறவும் வேண்டாம். முன்பண மீட்டருக்குக் கட்டணம் கூடுதல் என்பது பழைய கதை, 2023-க்குப் பிறகு அந்த வித்தியாசம் எடுக்கப்பட்டுவிட்டது.

உறவினர் அல்லது தெரிந்தவர் வீட்டில் அறை எடுத்து, வீட்டுக்காரரே பொருத்திய தனி மீட்டரில் காசு போடுகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே விதி வேறு: வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் யூனிட்டுக்கு வசூலிக்கக் கூடாது. அதிகம் வாங்கியிருந்தால் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

சித்தப்பாவிடம் சண்டை எதற்கு? "கம்பெனியில் விசாரித்தோம், கடன் எங்கள் பெயரில் இல்லையாம், பணம் தேவைப்படவில்லை சித்தப்பா" என்று உங்கள் கணவர் சொன்னால் போதும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பயத்தில் சொல்லியிருப்பார்.

புதுச் சாவியும் கார்டும் தபாலில் வந்ததும் முதல் தடவை போட்டு, திரையில் கடன் பூஜ்யம் ஆகிறதா என்று பாருங்கள். உடனே மாறாவிட்டால் அன்றே போன் செய்யுங்கள். பழைய சாவியைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் வைத்து, மேலே தேதி எழுதி, 660 பவுண்டு கைக்கு வரும்வரை அலமாரியில் வையுங்கள். தப்பித் தவறிக்கூட அதை மறுபடி கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். போடும் பணம் மீண்டும் பழைய கணக்குக்கே போய்விடும்.