மாட்டுக்கு இருமல், புறாவுக்குச் சளி: கேள்வி பதில்

அரசு கால்நடை மருந்தகங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் ஊசி போட்டவன் நான். இப்போது சென்னை, பழைய வண்ணாரப்பேட்டையில் ஓய்வாக இருக்கிறேன். நுரையீரலைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன். முடி கொட்டுவது, உண்ணி, சினை பிடிக்காதது எல்லாம் இன்று வேண்டாம்.

வியாசர்பாடி, எருமை வளர்ப்பவர்: போன மழைக்காலத்தில் நல்ல கறவை எருமை ஒன்று ஒரே இரவில் இறந்துவிட்டது. மாலையில் தீனி எடுக்கவில்லை, தொண்டை வீங்கியிருந்தது, மூச்சு கர்கர் என்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணெயும் கஷாயமும் புகட்டினார். விஷம் வைத்துவிட்டார்களோ என்று சந்தேகம்.

யாரும் விஷம் வைக்கவில்லை ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தொண்டை அடைப்பானுக்கு உரியவை. பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியாவின் வேலை. நலமாக இருக்கும் மாட்டின் தொண்டையிலும் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். மழையில் நனைந்து, தீனி குறைந்து, உடல் தளரும் நாளில் ரத்தத்தில் இறங்கிவிடும். பசுவைவிட எருமையைக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் 106 டிகிரியைத் தொடும், வீக்கம் தொண்டையிலிருந்து மார்புப் பக்கம் இறங்கும். பல எருமைகள் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. வீக்கம் தெரிந்த பிறகு போடும் ஊசி பெரும்பாலும் நம் மன ஆறுதலுக்குத்தான். ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். நம் ஊருக்கு ஐப்பசி மழைதான் கணக்கு என்பதால் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மாடுகளுக்கு இந்த ஆண்டு தவறவிடாதீர்கள்.

அந்தக் கஷாயத்துக்கு வருகிறேன். தொண்டை வீங்கி எச்சிலையே விழுங்க முடியாத மாட்டுக்கு எண்ணெய் புகட்டினால் அது எங்கே போகும்? நேராக நுரையீரலுக்கு. புளியந்தோப்பில் ஒரு மாட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்று உப்புசம், தானாகவே சரியாகியிருக்கும். மூக்கணாங்கயிற்றை உத்தரத்தில் கட்டித் தலையை வானம் பார்க்கத் தூக்கி, ஒருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பீர் பாட்டிலில் இஞ்சிச் சாறு ஊற்றியிருக்கிறார்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டால் மாடு எப்படி விழுங்கும்? நான் போனது மூன்றாம் நாள். கொட்டகை வாசலிலேயே அழுகல் வாடை. மாட்டின் மூச்சுக்காற்றுதான் அப்படி நாறியது. அந்த நிலைக்குப் பிறகு எந்த மருந்தும் ஏறாது. புகட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மாட்டின் முகவாய் அதன் கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. கடைவாயில் கொஞ்சம் ஊற்றி, விழுங்கியதைப் பார்த்து, அடுத்த வாய் ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். மருந்தை வெல்லத்தில் பிசைந்து நாக்கில் தடவுவது இன்னும் நல்லது.

கொருக்குப்பேட்டை: சந்தையில் நான்கு ஆடுகள் வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் மூன்றுக்கு மூக்கொழுகல், இருமல். மருந்துக்கடையில் பென்சிலின் வாங்கிப் போட்டும் கேட்கவில்லை.

சந்தை நெரிசல், லாரிப் பயணம், தண்ணீர் இல்லாத பகல். ஆட்டின் மூக்கில் சும்மா இருந்த மன்ஹைமியா கிருமி நுரையீரலில் இறங்க இது போதும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாகவும் இருக்கலாம். அதற்குச் செல் சுவரே கிடையாது. பென்சிலின் உடைப்பது அந்தச் சுவரைத்தான், இல்லாத சுவரை எப்படி உடைக்கும்? வாயில் புண்ணும் கழிச்சலும் சேர்ந்திருந்தால் ஆட்டுக்கொல்லி நோய். அது வைரஸ், கதையே வேறு. மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள். இனி வாங்கும் ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிவிட்டு மந்தையில் சேருங்கள். புகட்டுவது பற்றி மேலே எழுதியது ஆட்டுக்கும் பொருந்தும்.

மணலி: கன்று இரவில் இருமுகிறது. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக் கதகதப்பாகத்தான் வைத்திருக்கிறேன்.

விடியற்காலையில் உள்ளே போய், கன்று படுத்திருக்கும் இடத்தில் அதன் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் கண் எரிந்தால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாதான் காரணம். கிருமியைப் பெருக்கித் தள்ளும் மூச்சுக்குழலின் மெல்லிய மயிரிழைகளை அது முடக்கிவிடும். தார்ப்பாயின் மேல்பக்கம் ஒரு முழம் திறந்துவிடுங்கள்.

பெரம்பூர்: ஊருக்குப் போனபோது நாயைக் காப்பகத்தில் விட்டோம். திரும்பியதிலிருந்து தொண்டையில் எலும்பு சிக்கியது போல இருமி வெள்ளை நுரை கக்குகிறது. தீனி நன்றாக எடுக்கிறது.

பார்டெடெல்லா கிருமியும் சில வைரஸ்களும் கூட்டாக வருவது. கழுத்துப்பட்டை இழுத்தால் இருமல் கூடுமே? பட்டையைக் கழற்றி மார்புவார் போடுங்கள், மற்ற நாய்களிடமிருந்து ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். காய்ச்சல் வந்தாலோ, தீனி குறைந்தாலோ, தூக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். தேன் தண்ணீரைச் சிரிஞ்சில் பீய்ச்சாதீர்கள்.

திருவொற்றியூர்: பூனைக்குச் சளிக் காய்ச்சல். பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

கூடாது. கால்கூடக் கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, செத்துவிடும்.

தண்டையார்பேட்டை: சேவலுக்கு 106 டிகிரி காய்ச்சல்!

கோழியின் இயல்பான சூடே அதுதான். தெர்மாமீட்டரை வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீங்கி, மூக்குநீர் நாற்றமடித்தால் கொரைசா என்ற கோழிச் சளி நோயாக இருக்கலாம்.

எண்ணூர்: ஆடு இருமுகிறது, என்ன ஊசி போடலாம்?

கொருக்குப்பேட்டைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

காசிமேடு: கர்ணம், சாதா என்ற இரண்டு பந்தய வகையுமாக நாற்பது புறா. பந்தயத்துக்கு முன்பு மாதம் ஐந்து நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூலைத் தண்ணீரில் கலக்கி வைப்பேன். என் ஆசான் சொன்ன முறை. இந்தத் தடவை நான்கு புறாவுக்குத் தொண்டைக் கரகரப்பு நிற்கவில்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள் தம்பி, நிறுத்துங்கள். நோயே இல்லாத புறாவுக்கு மாதாமாதம் மருந்து காட்டினால், அதைத் தாங்கும் கிருமியைத்தான் நீங்கள் பொறுக்கி வளர்க்கிறீர்கள். புறாவுக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மருந்து போய்ச் சேருவதே சிரமம். ஒன்று கேட்கிறேன்: அந்த ஐந்து நாளும் கிளிஞ்சல் தூள் வைத்தீர்களா?

ராயபுரம்: ஐயா, நடுவில் வருகிறேன். மாத்திரையே வேண்டாம். பூண்டும் மிளகும் போதும், என் தாத்தா காலத்துப் பழக்கம்.

பூண்டும் மிளகும் ரசத்துக்கு நல்லவை. மூச்சிரைக்கும் புறாவின் அலகைப் பிளந்து அந்தச் சாற்றை ஊற்றுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம். நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே மூச்சுத்துளை திறந்திருக்கிறது. எருமைக்குச் சொன்னதுதான் புறாவுக்கும்.

காசிமேடு: கிளிஞ்சல் தினமும் வைக்கிறேன். ஆனால் மாத்திரை கொடுத்துத்தான் என் சாதா ஒன்பது மணி நேரம் நின்று பறந்தது. ராயபுரத்தாருக்கு அது வயிற்றெரிச்சல்.

கிளிஞ்சலின் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புறாவின் உடம்பில் ஏறியது அரைகுறை அளவு. கிருமிக்குப் பயிற்சி கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஒன்பது மணி நேரம் பறந்தது உங்கள் பழக்கத்தால், தீனியால், புறாவின் வம்சத்தால். பறந்ததை மாத்திரைக் கணக்கில் எழுதுகிறீர்கள், மாடத்திலேயே செத்ததை யார் கணக்கில் எழுதினீர்கள்?

ராயபுரம்: அதைத்தான் நானும் பத்து வருடமாகக் கேட்கிறேன்.

நீங்கள் சும்மா இருங்கள் ஐயா.

காசிமேடு: எனக்கே இரண்டு வாரமாகக் காய்ச்சலும் வறட்டு இருமலும். அதற்கும் புறாவுக்கும் தொடர்பு உண்டா?

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? உண்டு, இருக்கலாம். கிளாமிடியா சிட்டாசி என்ற கிருமி எச்சத் தூசியோடு மூக்கில் ஏறி மனிதனுக்கு நிமோனியா தரும். நாளைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். புறா வளர்க்கிறேன் என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அந்த நோய்க்கு மனிதனுக்கு எழுதும் மருந்தும் இதே டாக்ஸிசைக்ளின்தான். மாடத்தைக் கூட்டும் முன் தண்ணீர் தெளித்து, முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலை. கரகரக்கும் நான்கையும் பிடித்து, டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

எர்ணாவூர்: ஆட்டு இருமலுக்கு நல்ல ஆன்டிபயாட்டிக் பெயர் ஒன்று...

மேலே. மேலே. மேலே.

கொடுங்கையூர்: ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று ஊசி போட்டவரிடம் கேளுங்கள். அதுவரை கறந்ததைக் கீழே ஊற்றுங்கள்.

காசிமேடு: பார்த்துவிட்டேன். மூன்று புறாவுக்குத் தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக் கட்டி போல ஒட்டியிருக்கிறது. ஒன்றுக்கு எதுவும் இல்லை.

அந்த மூன்றுக்கும் காரணம் பாக்டீரியாவாகத் தெரியவில்லை தம்பி. டிரைக்கோமோனாஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி போலத் தெரிகிறது. டாக்ஸிசைக்ளினை வாளி வாளியாகக் கலக்கினாலும் அதற்கு உறைக்காது, வேறு மருந்து வேண்டும். கட்டியைக் குச்சியால் சுரண்டாதீர்கள், ரத்தம் கொட்டும். ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்துத்தான் பரவியிருக்கும், அதைத் தேய்த்துக் காய வையுங்கள். நான்கையும் கூடையில் போட்டு வேப்பேரிக்குக் கொண்டு போங்கள். நான்காவதைத் தனிக் கூடையில்.