முதல் சுற்றில் யாரை எடுப்பது: கோல் கீப்பரையா, ஸ்ட்ரைக்கரையா?

வாசகர் கேள்வி: காவேரிப்பட்டணத்தில் நாங்கள் நடத்தும் எழுவர் கால்பந்துப் போட்டியில் 8 அணிகள் ஆடுகின்றன. ஏலம் கிடையாது. சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்து, அணித் தலைவர்கள் முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுப்போம்; ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகும். அணிக்கு 9 பேர். சென்ற ஆண்டு எனக்கு மூன்றாம் எண் விழுந்தது. பட்டியலிலேயே சிறந்த ஸ்ட்ரைக்கரை எடுத்தேன். அவரும் 4 ஆட்டங்களில் 7 கோல் அடித்தார். ஆனால் என் இரண்டாவது முறை வருவதற்குள் நல்ல கீப்பர்கள் மூவரும் போய்விட்டார்கள். நாங்கள் 11 கோல் வாங்கி லீக் சுற்றோடு வெளியேறினோம். ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி, "அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்கைத்தான் முதலில் எடுப்பார்கள், அதுபோல நீ கீப்பரை எடு" என்கிறான். இந்த ஆண்டும் மூன்றாம் எண்தான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தம்பி சொல்லும் முடிவு அநேகமாகச் சரி; ஆனால் அதற்கு அவர் காட்டும் காரணம் உங்கள் மைதானத்துக்குப் பொருந்தாது. காரணம் பிழையாக இருந்தால், அடுத்த ஆண்டு நிலைமை மாறும்போது முடிவும் பிழையாகிவிடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.-இல் அணிகள் முறை வைத்துப் புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில், தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குகள் முந்திப் போவதற்கு ஆட்டம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு: தாக்குதலில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து அவர் கையைத் தொட்டே நகர்கிறது, 32 அணிகளுக்கும் அப்படி ஒருவர் தேவை, அந்தத் தரத்தில் 32 பேர் இருப்பதில்லை. இன்னொரு காரணம் சம்பளம். 2010-இல் முதல் தேர்வாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2011-இல் புதியவர்களின் ஊதியத்துக்கு வரம்பு வந்த பிறகு, அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடி டாலர்தான். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம் என்பதால், இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் சரியாக அமைந்துவிட்டால் மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ள முடிகிறது. உங்கள் போட்டியில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒரு ஜெர்சியும், ஜெயித்தால் ஒரு பிரியாணியும்தான் என்று ஊகிக்கிறேன். ஆகவே அவர்கள் கணக்கில் பாதி இங்கே செல்லாது.

மீதிப் பாதி செல்லும். ஓர் இடம் ஆட்டத்தில் எவ்வளவு முக்கியம் என்பது வேறு, அந்த இடத்துக்கான ஆளை எந்தச் சுற்றில் எடுக்க வேண்டும் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை தருவது ஓர் இடைவெளி: அந்த இடத்துக்கு இப்போது கிடைக்கும் சிறந்தவருக்கும், உங்கள் அடுத்த முறை வரும்போது அதே இடத்துக்கு மிஞ்சியிருப்பவருக்கும் உள்ள தர வித்தியாசம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குப் போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூராவை நாளைக்கும் வாங்கலாம், லோடு லோடாக வரும். வரத்துக் குறைந்த பழத்தைக் கண்ட இடத்திலேயே பேசி முடிக்க வேண்டும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். உங்கள் வரிசைப்படி நீங்கள் எடுக்கப்போவது 3, 14, 19, 30, 35, 46, 51, 62, 67 ஆகிய தேர்வுகள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் 10 பேர் போய்விடுவார்கள். பட்டியலில் உள்ள எல்லாருக்கும் பத்துக்கு இத்தனை என்று நீங்கள் மதிப்பெண் போட்டதாகக் கொள்வோம். முதல் ஸ்ட்ரைக்கருக்கு 9. பத்துப் பேர் போன பிறகும் ஏழரை மதிப்புள்ள ஒருவர் மிஞ்சுவார், ஏனென்றால் நம் ஊர்களில் பந்தைத் தொட்ட பையன்களில் பாதிப் பேர் முன்களத்தில் ஆடத்தான் பெயர் கொடுப்பார்கள். கீப்பர்கள் 11 பேர் என்று வையுங்கள். முதல் மூவருக்கு 8.5, 8, 8, நான்காமவருக்கு 6. மூவரும் போய்விட்டால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிவைப்பதால் வரும் நட்டம் ஒன்றரை, கீப்பரைத் தள்ளிவைப்பதால் வரும் நட்டம் இரண்டரை. மதிப்பெண்ணில் கீப்பர் அரைப் புள்ளி குறைவாக இருந்தும் அவரை எடுப்பதே லாபம்.

ஆனால் அந்தப் பத்துத் தேர்வுகளில் இரண்டு கீப்பர்கள் மட்டுமே போவார்கள் என்றால், 14-ஆவது தேர்வில் உங்களுக்கு 8 மதிப்புள்ளவர் கிடைப்பார். நட்டம் வெறும் அரைப் புள்ளி. அப்போது ஸ்ட்ரைக்கரை முதலில் எடுப்பதுதான் சரி. ஆக, உங்கள் கேள்விக்கான விடை கீப்பரிடம் இல்லை, மற்ற ஏழு தலைவர்களின் பழக்கத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு மூவரும் உங்கள் இரண்டாம் முறைக்குள் போயிருப்பதால் இந்த ஆண்டும் போவார்கள் என்றே நான் எண்ணுவேன்.

இதன் தொடர்ச்சியாக ஒரு நுட்பம் உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் 14-க்கும் 19-க்கும் இடையில் தேர்வு செய்யப்போவது இரண்டே தலைவர்கள், அதாவது முதலாம், இரண்டாம் எண்காரர்கள், ஆளுக்கு இரு முறை. அவர்கள் இருவரும் ஏற்கெனவே கீப்பரை எடுத்திருந்தால், 14-இல் கீப்பரைத் தொடவே வேண்டாம். அவர் 19 வரை உங்களுக்காகக் காத்திருப்பார். எனவே தேர்வு நாளன்று எதிரிலிருக்கும் ஏழு தாள்களையும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த இரண்டு தாள்களைக் கூர்ந்து பாருங்கள்.

நீங்கள் இணைத்திருந்த விதிகளையும் படித்தேன். ஆஃப்சைடு இல்லை, ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், நாக்அவுட்டில் சமன் என்றால் நேராகப் பெனால்டி. மூன்றுமே ஸ்ட்ரைக்கரைவிடக் கீப்பரின் மதிப்பைக் கூட்டுபவை. ஸ்ட்ரைக்கர் களைத்தால் மாற்று ஆள் இறங்கிவிடலாம். கீப்பரை யாரும் மூச்சு வாங்க வெளியே அழைப்பதில்லை. கீப்பருக்கான இடைவெளியை நான் ஒன்றேகால் மடங்காக எண்ணுவேன். இது அனுபவக் கணிப்புதான். ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு உயரத்தைவிடத் திரும்பி ஓடும் வேகமே முக்கியம் என்பதால், அந்த இடத்துக்கும் மதிப்பெண்களைத் திருத்திப் போடுங்கள்.

உங்கள் அனுபவத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணம் 2018-இல் நடந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது தேர்வில் சாக்வான் பார்க்லியை எடுத்தது. அவர் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக். தாக்குதல் பிரிவில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அணியோ 16 ஆட்டங்களில் 5-ஐ மட்டுமே வென்றது. அதே டிராஃப்டில் ஜாஷ் ஆலன் 7-ஆவதாகவும் லமார் ஜாக்சன் 32-ஆவதாகவும் போனார்கள்; இருவரும் குவார்ட்டர்பேக்குகள். பின்னர் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய் 2024 பருவத்தில் 2005 யார்டு ஓடினார். அந்த அணி கோப்பையும் வென்றது. அவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசை அங்கே முன்பே வலுவாக அமைந்திருந்தது. உங்கள் ஸ்ட்ரைக்கரின் 7 கோல்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஆள் தவறில்லை, எடுத்த நேரம்தான் தவறு.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. 2016-இல் டாம்பா பே அணி, தன் வேறு தேர்வுகளை விட்டுக்கொடுத்து வரிசையில் முன்னேறி, 59-ஆவது தேர்வில் ராபர்ட்டோ அகுவாயோ என்ற கிக்கரை, அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பதற்கென்றே இருப்பவரை, எடுத்தது. அவர் 31 முயற்சிகளில் 22-ஐ மட்டுமே கம்பங்களுக்கு இடையே செலுத்தினார். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார். நல்ல கிக்கர்கள் கடைசிச் சுற்றுகளிலும், டிராஃப்டுக்கு வெளியிலும்கூடக் கிடைப்பதுண்டு. உங்கள் பட்டியலில் முதல் மூன்று கீப்பர்களும் போய்விட்டால், மீதமுள்ளவர்கள் 6, 6, 5.5, 5.5 என்று ஒருவரை ஒருவர் ஒத்தே இருப்பார்கள். அந்த நிலையில் பயந்துபோய் இரண்டாம் சுற்றிலேயே ஒரு 6-ஐ எடுத்துவிடாதீர்கள். ஐந்தாம் சுற்றில் கிடைப்பவரும் ஏறக்குறைய அவரைப் போலத்தான் இருப்பார்.

இத்தனை கணக்கும் மதிப்பெண் சரியாக இருந்தால்தான் நிற்கும். கீப்பருக்கு மதிப்பெண் போடுவதோ மிகவும் சிரமம். பாலக்கோடு பக்கம் ஒரு பயிற்சித் தேர்வில், நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவர் தன் மேல் வந்த அத்தனை பந்துகளையும் பிடித்ததைப் பார்த்து, நானே 9 போட்டேன். போட்டி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இடப்பக்கம் தாழ்வாக வரும் பந்துக்கு அவர் முதலில் ஒரு காலைப் பின்னால் வைத்துவிட்டே விழுவார். செம்மண் தரையில் அந்த அரை நொடிக்குள் பந்து உள்ளே போய்விடும். ஆகவே கைகளைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். இரு பக்கமும் தரையோடு பத்துப் பந்துகள் அடிக்கச் சொல்லுங்கள்.

வருகையையும் கணக்கில் சேருங்கள். ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், சீசனில் மாங்கூழ் ஆலைக்கோ மண்டிக்கோ போகிறவர்கள் எல்லா ஞாயிறும் வர இயலாது. முன்கள வீரர் ஒருவர் வராவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். அரையிறுதியன்று கீப்பர் இரவு ஷிப்டில் இருந்தால் அவருடைய எட்டரைக்குப் பயனில்லை. பெயர் எழுதும் முன் நேரில் கேட்டுவிடுங்கள்.

தேர்வு நாளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடத்துக்கு ஒரு பக்கமாகப் பெயர்களை மதிப்பெண் வரிசையில் எழுதி, தரம் சட்டென்று இறங்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். கீப்பர் பக்கத்தில் கோடு மூன்றாம் பெயருக்குக் கீழே விழும். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கோட்டுக்கு மேலே எத்தனை பேர் மிச்சம், என் அடுத்த முறைக்கு முன் அந்த இடத்துக்கு ஆள் தேடும் தலைவர்கள் எத்தனை பேர்? தேடுகிறவர்கள் மிச்சமிருப்பவர்களுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் இப்போதே எடுங்கள். குறைவாக இருந்தால் வேறு பக்கத்தைப் புரட்டுங்கள். மூன்றாவது தேர்வில் கோட்டுக்கு மேலுள்ள கீப்பர் ஒருவராவது இருந்தால் அவரை எடுங்கள். ஏழரை ஸ்ட்ரைக்கர் 14-இல் கிடைப்பார். கடைசிச் சுற்றுகளில் இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மாற்றுக் கீப்பருக்கு மட்டும் அவசரம் வேண்டாம். அணிக்கு ஒருவராக எட்டுப் பேர் போன பிறகும் மூவர் மிஞ்சுவார்கள் என்பதால், 67-ஆவது தேர்வு வரை அவருக்காகக் காத்திருக்கலாம்.