ஹை பிரஷர் பம்பை இப்போதே மாற்றாதீர்கள்

வணக்கம் அண்ணா. காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிக்கப் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் பிரச்சினையே இல்லை, மெக்கானிக் ஹை பிரஷர் பம்பை (டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் பம்ப்) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் தகராறு செய்யும். டீசல் இளகிக் கசிவு கூடும். இங்கே பெங்களூரு ஷோரூமில் இப்படி வரும் வண்டிகளில் முதலில் பார்ப்பது டீசல் லைனுக்குள் காற்று புகும் கசிவைத்தான். நாளைக் காலை சாவி போடுமுன் டீசல் ஃபில்டர் மேலுள்ள கைபம்பை இறுகும்வரை அழுத்துங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால், காற்று புகுந்து இரவில் டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் ரப்பர் சீல், ஹோஸ் கிளிப் மாற்றினால் போதும், இங்கே உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டிலேயே கிடைக்கும். அப்படியும் ஆகவில்லையா? இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை, அதாவது இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசல் எவ்வளவு என்பதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பை (பம்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் உயர் அழுத்தக் குழாய்) யாரும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.