வாசகர் கேள்வி: ‘அடுத்த சீசனில் பெர்மனென்ட்!’

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மூன்று வருடமாக டெம்பரரியாக பேக்கிங் வேலை பார்க்கிறேன். ‘அடுத்த சீசனில் பெர்மனென்ட்’ என்றே மேனேஜர் காலத்தை ஓட்டுகிறார். கூட இருப்பவர்கள் வெறுத்துப்போய் வேண்டுமென்றே வேலையை இழுத்தடிக்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா, இல்லை நின்றுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், சகோதரி. ஏமாற்றுகிறவருக்காக எதற்குத் தூசியைச் சுவாசித்து மூட்டை கட்ட வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இழுத்தடித்தால் லாபம் மேனேஜருக்குத்தான். இன்றுவரை சொன்ன சொல்லை மீறியவர் அவர். நாளைக்கு ‘ஒழுங்காக வேலை செய்யாதவர்’ என்ற பேர் உங்களுக்கு வந்துவிடும். நின்றுவிட்டால் அடுத்த ஃபேக்டரியில் வேலை நாள் கணக்கு முதல் நாளிலிருந்துதான்.

அவர் வாயைப் பார்ப்பதை விட்டு நாட்களை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் 1981-ல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும். மேனேஜர் மனசு வைக்கிறாரா என்பது இதில் கேள்வியே இல்லை. சில இடங்களில் நடுவே சில நாள் வேலை தராமல் ‘பிரேக்’ கொடுப்பது இந்தக் கணக்கை உடைக்கத்தான். ஆனால் தொழிலாளி தவறில்லாமல் வேலை நின்றால் தொடர்ச்சி அறுபடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. 50 தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் இது பொருந்தும். டெம்பரரிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பருவகாலத் தொழிலுக்கும் பொருந்தாது, ‘சீசன்’ என்று அவர் அடிக்கடி சொல்வது அதற்காகவும் இருக்கலாம். நம் மலையில் பனிக்காலத்தில் கொழுந்து குறையுமே தவிர அடியோடு நிற்காது. ஃபேக்டரி வருடம் முழுக்க ஓடுகிறது என்பதற்கு உங்கள் சம்பளச் சீட்டே சாட்சி.

தேதி, ஷிப்ட், சூபர்வைசர் பெயர் மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் முதலாளி என்று ஃபேக்டரி பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயரா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் என்றால் வழக்கு கொஞ்சம் கடினம். ‘நாளை மார்னிங் ஷிப்ட் வரவும்’ என்ற வாட்ஸ்அப் செய்தியையும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இடமில்லையா? குட்மார்னிங் ரோஜாக்களை அழியுங்கள்!

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். இழுத்தடிக்கும் அந்த நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி, போன் 15100. மனுவை ‘மேனேஜர் சொன்னார்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். சேர்ந்த தேதியையும் வேலை பார்த்த நாட்களையும் முதல் வரியில் எழுதுங்கள்.