பெரிய சிட்டியில, மூணு சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, ஒரே ஆளா ஹோம்ஸ்கூலிங் பண்ண முடியுமா?

கேள்வியில நீங்க சொன்னது இதுதான்: ஏழு, அஞ்சு, ஒன்றரை வயசுல மூணு பிள்ளைங்க, பெரிய சிட்டியில ரெண்டு பெட்ரூம் அப்பார்ட்மெண்ட், வீட்டுக்காரர் ஆபீஸ் போயிட்டா பகல் பூரா நீங்க மட்டும்தான், வீட்டுலயே சொல்லிக் கொடுக்கணும்னு ஆசை இருக்கு ஆனா ஒரே ஆளா மூணு பேருக்கும் எப்படி பாடம் எடுக்கறதுன்னு பயமா இருக்கு. முடியும்ங்க. எங்க வீட்டுலயும் மூணு பேருதான், பெரியவளுக்கு ஒன்பது, நடுவுல உள்ளவனுக்கு ஆறு, சின்னவனுக்கு மூணு ஆகப்போகுது, ஒருத்தரும் இதுவரைக்கும் ஸ்கூல் வாசல மிதிச்சதில்ல. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த டைம்டேபிளை தலையில இருந்து தூக்கிப் போடுங்க. ஒன்பது மணிக்கு கணக்கு, பத்து மணிக்கு அறிவியல்னு மூணு பேருக்கும் தனித்தனியா போட்டீங்கன்னா ஒரே வாரத்துல நீங்க படுத்துடுவீங்க. ஸ்கூல்ல ஆறு மணி நேரம் இருக்காங்கன்னா அவ்ளோ நேரமும் படிப்புன்னு அர்த்தம் இல்ல, வரிசையில நிக்கறது, அட்டெண்டன்ஸ், மத்த பிள்ளைங்க எழுதி முடிக்கற வரைக்கும் காத்திருக்கறதுன்னு அதுல ஒரு பங்கு போயிடும். பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு பிள்ளைக்கு சொல்லிக் கொடுக்கும்போது அந்த வேலை எதுவுமே கிடையாது. 1984ல பெஞ்சமின் ப்ளூம்ங்கற கல்வியாளர் தனியா ஒருத்தர் உக்காந்து சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க, வகுப்புல படிச்சவங்களை விட எவ்ளோ தூரம் முன்னால போறாங்கன்னு எழுதினார், பின்னாடி வந்த ஆய்வுகள்ல அவ்ளோ பெரிய வித்தியாசம் வரல, ஆனா தனி கவனத்துக்கு பலன் உண்டுங்கறது மாறல. அதுக்கும் ரொம்ப முன்னாடியே, வீட்டுல படிக்கற பிள்ளைங்களுக்குன்னே பாடத்திட்டம் போட்டுக் கொடுத்த சார்லட் மேசன்ங்கற இங்கிலாந்துக் கல்வியாளர், சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்தை தாண்டக் கூடாதுன்னு கறாரா வச்சிருந்தாங்க. என் கணக்கும் அதேதான். உங்க ஏழு வயசுக்கு மொத்தமா ஒரு மணி நேரம், அஞ்சு வயசுக்கு இருபது நிமிஷம், அதுவும் அவங்களுக்கு மனசு இருந்தா. அஞ்சு வயசுல படிக்க வரலன்னு பதறாதீங்க, பின்லாந்துல பள்ளிப் படிப்பே ஏழு வயசுலதான் ஆரம்பிக்குது.

அப்போ மூணு பேர் இருக்கறதுல கஷ்டம் பாடத்துல இல்ல, வீட்டை ஓட்டறதுலதான் இருக்கு. யாரு எப்போ தூங்கறாங்க, சின்னது எங்க இருக்கு, எப்போ வெளிய போறோம். இந்த மூணும் சரியா அமைஞ்சா பாடம் தானா நடக்கும். இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன், ஏன்னா புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் எந்த சிலபஸ் வாங்கறது, எந்த ஒர்க்ஷீட் நல்லதுன்னுதான் கேக்கறாங்க.

சின்னதைப் பத்தி முதல்ல பேசிடறேன். ஒன்றரை வயசுப் பிள்ளையை ஓரமா உக்கார வச்சுட்டு பெரியவங்களுக்கு பாடம் எடுக்கலாம்னு நினைச்சா நடக்கவே நடக்காது, அது மேல ஏறும், பென்சிலைப் பிடுங்கும், நோட்டைக் கிழிக்கும். நாங்க பண்றது நேர் தலைகீழ். காலையில முதல் அரை மணி நேரம் சின்னவனுக்கு மட்டும். தரையில உக்காந்து அவன் சொல்ற விளையாட்டு, அவன் நீட்டுற புக்கு, போனை எடுக்கறதே இல்ல. வயிறும் மனசும் நிறைஞ்ச பிள்ளை அதுக்கப்புறம் இருபது நிமிஷம் தனியா விளையாடும், அந்த இருபது நிமிஷம்தான் உங்க கணக்கு பீரியட். அதுக்குன்னே ஒரு டப்பா தனியா வச்சிருக்கேன், அதுல உள்ள சாமான் மத்த நேரத்துல கண்ணுலயே படாது: மூடி போட்ட சின்ன டப்பாக்கள், துணி க்ளிப்பு, பெரிய மர மணி, ஒரு பழைய டார்ச். வாயில போட்டு முழுங்கற அளவுக்கு சின்னதா எதுவும் இருக்கக் கூடாது, டார்ச்சோட பேட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுங்க. அவன் பகல்ல தூங்கற நேரம் தங்கம், அந்த நேரத்துல பாத்திரம் துணின்னு இறங்காதீங்க, பெரியவங்க ரெண்டு பேருல யாருக்கு அன்னைக்கு உங்க பக்கம் அதிகமா தேவைப்படுதோ அவங்களோட உக்காருங்க. பாத்திரத்தை எல்லாரும் முழிச்சிருக்கும்போது எல்லாரும் சேர்ந்து கழுவலாம்.

அது ஒண்ணும் பாடத்தைக் கெடுக்கற வேலையும் இல்ல. மரியா மாண்டிசோரி 1907ல ரோம் நகரத்துல சான் லொரென்ஸோங்கற ஏழைங்க ஏரியாவுல 'குழந்தைகள் இல்லம்'ங்கற தன்னோட முதல் பள்ளியை ஆரம்பிச்சது ஒரு அடுக்குமாடி குடியிருப்புக்குள்ளதான், அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைங்க, வெவ்வேறு வயசுப் பிள்ளைங்களும் ஒரே ரூம்ல. பெருக்கறது, பட்டன் போடறது, தண்ணிய சிந்தாம ஊத்தறதுன்னு வீட்டு வேலையையே படிப்பா எடுத்துக்கிட்டு வந்தாங்க. பெரிய சிட்டி, நெருக்கமான வீடு, கலந்த வயசு, உங்க வீட்டுல இருக்கறதும் அதுதானே. எனக்கு இதைப் படிச்சப்போ பெரிய தைரியம் வந்துச்சு.

எதை சேர்ந்து படிக்கறது எதைத் தனியா படிக்கறதுன்னு கேட்டா, எழுத்துக்கூட்டி படிக்கறதும் கணக்கும் மட்டும்தான் தனி. கதை, சரித்திரம், செடி கொடி, மேப், பாட்டு, படம் வரையறது எல்லாமே ஒண்ணா. நான் சத்தமா படிப்பேன், பெரியவ கேட்டதை திருப்பிச் சொல்லுவா, நடுவுல உள்ளவன் அதைப் படமா வரைவான், சின்னவன் மடியில இருப்பான். கணக்குலயும் கூட சில நேரம் சேர்த்துக்கலாம். பெரியவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது நாப்பத்தி மூணுல பதினேழு கழிக்கணும், "மூணுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு"ன்னு வாயால சொன்னா அவளுக்குப் புரியவே இல்ல, யாருகிட்ட கடன், எப்போ திருப்பித் தரணும்னு கேக்கறா. ஐஸ் குச்சி ஒரு கட்டு எடுத்து, பத்து பத்தா எண்ணி ரப்பர் பேண்ட் போடற வேலையை தம்பிகிட்ட கொடுத்தேன், அவனுக்கு அப்போ நாலு வயசு. நாலு கட்டு, உதிரி மூணு. ஏழு குச்சி எடுன்னா உதிரியில இல்ல, அவளே கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரு கட்டோட ரப்பர் பேண்டை உருவினா, பத்து குச்சியும் பொலபொலன்னு கொட்டுச்சு, இப்போ உதிரி பதிமூணு, ஏழு எடுத்தா ஆறு, மிச்சம் இருந்த மூணு கட்டுல ஒண்ணு போனா ரெண்டு, இருபத்தி ஆறு. அதுக்கப்புறம் கடன் வாங்கறதைப் பத்தி நான் சொல்லவே வேண்டி வரல. அதே அரை மணி நேரத்துல அவன் பத்து பத்தா எண்ணப் பழகிட்டான்.

பெரிய பிள்ளை விஷயத்துல ஒண்ணு கண்டிப்பா கவனிங்க. பெரியவங்க உதவுவாங்க, உதவணும், ஆனா அவங்களை ரெண்டாவது அம்மா ஆக்கிடாதீங்க. பெண்பிள்ளையா இருந்தா இது நமக்கே தெரியாம நடக்கும். எங்க வீட்டுல பெரியவ சின்னவனுக்கு தினம் ஒரு புக்கு படிச்சுக் காட்டுவா, அதுல அவளுக்கும் வாசிப்பு பழகுது, அவளுக்கு அது பிடிச்சும் இருக்கு. குளிப்பாட்டறது, ஊட்டறது, தூங்க வைக்கறது எதுவும் அவ பொறுப்பு கிடையாது, அது என் வேலை. அவளுக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டு இருக்கற ஒரு மணி நேரமும் தினமும் உண்டு, ரெண்டு ரூம் வீட்டுல அது லேசு இல்லதான், ஆனா அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

இப்போ சிட்டி. பெரிய சிட்டியில மண்ணு கிடையாது மரம் கிடையாது பிள்ளைங்க அடைஞ்சு கிடப்பாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மையும் இருக்கு, அதனாலதான் தினமும் வெளிய போறதை பாடத்தை விட முக்கியமா வைக்கச் சொல்றேன். இதுக்கு கண்ணு ஒரு காரணம். சீனாவுல குவாங்சோ நகரத்துல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களை தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளிய விட்டு மூணு வருஷம் பார்த்தாங்க, 2015ல அந்த ஆய்வு வந்துச்சு, வெளிய விட்ட பள்ளிகள்ல கிட்டப்பார்வை புதுசா வந்தவங்க 30 சதவீதம், வழக்கம் போல நடந்த பள்ளிகள்ல 40 சதவீதம் கிட்ட. வெறும் பகல் வெளிச்சத்துல நிக்கறதுக்கு இவ்ளோ பலன். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதுல மூணு நாலு வயசுப் பிள்ளைங்க நாளைக்கு மூணு மணி நேரம் ஓடி ஆடணும், ஸ்க்ரீன் ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேண்டாம்னு இருக்கு. அப்பார்ட்மெண்ட்டுக்குள்ள மூணு மணி நேரம் ஓட விட்டா கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க, அதனால பார்க், மொட்டை மாடி, எது இருக்கோ அங்க.

இன்னொரு பக்கம், சிட்டி கொடுக்கறது கொஞ்சமா? லைப்ரரி, மியூசியம், ரயில், பாலம் கட்டற இடம், வெவ்வேறு பாஷை பேசற மனுஷங்க. பஸ்ல போறதே எங்களுக்கு ஒரு பாடம், ஆறு வயசுக்காரன் போர்டுல ஸ்டாப் பேரை எழுத்துக்கூட்டி படிப்பான், பெரியவ இன்னும் எத்தனை ஸ்டாப், எந்த இடத்துல மாறணும்னு மேப்ல பார்த்து எங்களைக் கூட்டிட்டுப் போவா, சின்னவன் படிக்கட்டு எண்ணுவான். கூட்டமான இடத்துக்கு மூணு பேரோட தனியா போகும்போது எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை போட்டு விடுங்க, சட்டைக்கு உள்பக்கம் உங்க போன் நம்பரை எழுதுங்க, தொலைஞ்சுட்டா நின்ன இடத்துலயே நிக்கணும், பிள்ளையோட இருக்கற ஒரு அம்மாகிட்ட உதவி கேக்கணும்னு வீட்டுலயே நடிச்சுப் பார்த்து பழக்குங்க. கூட்டம் இல்லாத வேலை நாள் காலையில மியூசியம் போக முடியறது ஹோம்ஸ்கூலிங்குல உள்ள பெரிய சுகம்.

மத்த பிள்ளைங்களோட பழக வேண்டாமான்னு எல்லாரும் கேப்பாங்க. வேணும், கூடப் பிறந்தவங்க மட்டும் போதாது. சிட்டியில தேடினா உங்களை மாதிரியே வேற குடும்பங்க கிடைப்பாங்க, ஆனா எப்போ வேணா மீட் பண்ணலாம்னு விட்டா யாரும் வர மாட்டாங்க. வாரத்துல ஒரே நாள், ஒரே பார்க், ஒரே நேரம், வந்தவங்க வரட்டும்னு வச்சுக்கோங்க. நட்பு வர்றதுக்கு அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கணும். அந்த நாள் பிள்ளைங்களை விட உங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும், பகல் பூரா பெரியவங்க கூட ஒரு வார்த்தை பேசாம இருக்கறது மனசை என்னமோ பண்ணிடும். வீட்டுக்காரர்கிட்டயும் இப்பவே பேசிடுங்க, "உதவறேன்"னு பொதுவா சொல்றது போதாது, லீவு நாள் காலை மூணு பேரும் அவர் பொறுப்பு, நீங்க வீட்டுலயே இருக்கறதில்லன்னு முடிவா வச்சுக்கோங்க. அதுக்கு அவர் தயாரா இல்லன்னா ஹோம்ஸ்கூலிங் ஆரம்பிக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

சட்டத்தை கண்டிப்பா பாருங்க, நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல 1993லயே எல்லா மாநிலத்துலயும் சட்டப்படி சரின்னு ஆயிடுச்சு, ஜெர்மனியில இன்னைக்கும் அனுமதி இல்ல, ஃப்ரான்ஸ்ல 2022ல இருந்து முன்கூட்டி அனுமதி வாங்கணும். உங்க ஊர்ல என்ன விதி, பரீட்சை எந்த வயசுல எப்படி எழுதலாம்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போட்டு மாசத்துக்கு நாலஞ்சு தாள், தேதி போட்டு வைங்க, எழுதினது, வரைஞ்சது, போட்ட கணக்கு. அதிகாரி கேட்டாலும் ஆகும், நாளைக்கு ஒரு பிள்ளை ஸ்கூலுக்குப் போறேன்னு சொன்னாலும் ஆகும். அப்படி ஒருத்தர் கேட்டா அனுப்புங்க, மூணு பேருக்கும் ஒரே முடிவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

முதல் மாசம் பாடமே எடுக்காதீங்க. தூங்கற நேரம், எழுந்திருக்கற நேரம், தினமும் வெளிய போறது, ராத்திரி ஒரு புக்கு சத்தமா படிக்கறது, இவ்ளோதான். ரெண்டாவது மாசம் பெரியவங்களுக்கு வாசிப்பு பத்து நிமிஷம், அது நல்லா பழகின அப்புறம் கணக்கு. நடுவுல எங்கயாவது சிக்கினா கமெண்ட்ல கேளுங்க, பிள்ளைங்க தூங்கினதும் பதில் போடறேன்.