ரேசிங் ட்ரோன் நடுங்குகிறது, மோட்டார் கொதிக்கிறது: எந்த எண்ணைக் குறைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். 5 அங்குல ரேசிங் ட்ரோன் ஒன்றைச் சொந்தமாகக் கட்டியிருக்கிறீர்கள். வளைவில் விரட்டும்போது படம் நடுங்குகிறது. இரண்டு நிமிடம் பறந்து இறங்கினால் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. ட்ரோனை இயக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில், அதன் சாய்வைத் திருத்தும் பிஐடி எண்களில் எதைக் குறைப்பது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் குறைக்காதீர்கள். கணினியை மூடிவிட்டு ஆலன் கீயைக் கையில் எடுங்கள். என் மேசைக்கு வந்த நடுக்கங்களில் பெரும்பாலானவை ஒரு திருகிலோ ஒரு ப்ரொப்பெல்லரிலோதான் போய் முடிந்திருக்கின்றன.

ட்ரோனின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் ஜைரோ சில்லு, சுழற்சியை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. உண்மையான சாய்வு எது, நெளிந்த ப்ரொப்பெல்லர் தரும் உதறல் எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பிஐடியில் பி என்பது தவறு எவ்வளவு என்று பார்த்துத் திருத்துகிறது. டி என்பது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்துத் திருத்துகிறது. அதிர்வைப் போல வேகமாக மாறுவது வேறு என்ன இருக்கிறது? டி அதைப் பெருக்கி மோட்டாருக்கு அனுப்ப, மோட்டார் ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை ஓடவும் அடங்கவும் முயல்கிறது. அந்த வீண் உழைப்புதான் சூடு. டி எண்ணைக் குறைத்தால் சூடு தணியும் என்பது உண்மை. ஆனால் அதிர்வின் மூலம் அப்படியே இருக்கும், கூர்மையான திருப்பத்தில் ட்ரோன் இன்னும் தள்ளாடும்.

சென்ற ஆண்டு அக்கா மகன் இதே சிக்கலோடு வந்தான். "டியைப் பாதியாக்கிவிட்டேன் மாமா, இன்னமும் சுடுகிறது" என்றான். நான்கு மோட்டாரும் ஒரே மாதிரி சுடுகின்றனவா என்று கேட்டேன். அதை அவன் பார்த்திருக்கவில்லை. பறக்கவிட்டு இறக்கியதும் வரிசையாகத் தொட்டோம். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன, பின்பக்க வலது மோட்டார் மட்டும் கொதித்தது. நான்கும் ஒன்றாகச் சுட்டால் மென்பொருள் அமைப்பில் சந்தேகம் கொள்ளலாம். ஒன்று மட்டும் சுட்டால் அந்த மோட்டாரைத்தான் கழற்ற வேண்டும். கழற்றினோம். அடியில் இருந்த நான்கு திருகுகளில் ஒன்று மட்டும் 10 மி.மீ., மற்றவை 8. விபத்துக்குப் பிறகு கிடைத்ததைப் போட்டு முறுக்கியிருக்கிறான். அந்த 2 மி.மீ. உள்ளே போய்ச் செப்புச் சுற்றின் வார்னிஷைச் சுரண்டியிருந்தது. வார்னிஷ் போன இடத்தில் செம்பு பளபளவென்று தெரிந்தது, திருகின் நுனியிலும் அதே நிறம் ஒட்டியிருந்தது. கழற்றுவதற்கு முன்பே மல்டிமீட்டரின் ஒரு முனையைத் திருகிலும் மறு முனையை மோட்டார் கம்பியிலும் வைத்தபோது அது கீச்சிட்டதும் இதனால்தான். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்தத் தொடர்பு ட்ரோனின் உடற்சட்டம் முழுவதற்கும் போகிறது. விட்டிருந்தால் அடுத்து எரிவது மோட்டாரை ஓட்டும் மின்பலகையான இஎஸ்சிதான். மோட்டாரைத் தாங்கும் சட்டக் கை 5 மி.மீ. தடிமன் என்றால் பெரும்பாலும் 8 மி.மீ. திருகு போதும். ஆனாலும் மோட்டாரை மாட்டியதும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரியைச் செருகாதீர்கள்.

உங்கள் ட்ரோனில் ப்ரொப்பெல்லரிலிருந்து தொடங்குங்கள். கழற்றி, ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் வெட்டு நகத்தில் தட்டும். 1900 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1900 சுற்று) மோட்டாரை முழுதாக ஏற்றிய 6எஸ் (ஆறு செல்) பேட்டரியில், அதாவது 25.2 வோல்ட்டில் ஓட்டினால், சுமையில்லாத கணக்குப்படி நிமிடத்துக்கு 47,880 சுற்று வருகிறது. ப்ரொப்பெல்லர் மாட்டினால் இது நன்றாகக் குறையும் என்றாலும், அந்த வேகத்தில் குண்டூசித் தலையளவு வெட்டும் அதிர்வுதான். ப்ரொப்பெல்லரை ஒட்டவோ நிமிர்த்தவோ முயலாமல் மாற்றிவிடுங்கள். அடுத்து, மோட்டாரின் மேல்மூடியை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் படிப்படியான பிடிப்பு இருக்க வேண்டும். மணல் அரைபடுவது போல நறநறத்தால் பேரிங் போய்விட்டது. மோட்டார் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு வையுங்கள். அதை ப்ரொப்பெல்லர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பாலிகார்பனேட் அதில் விரிசல் விடும். பலருக்கும் இது தெரியாமல், ப்ரொப்பெல்லர் தரமில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள்.

கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையங்கள் நசுங்கும்வரை நட்டை முறுக்காதீர்கள், நசுங்கிய ரப்பர் அதிர்வைத் தடுக்காது. கம்பியோ கெப்பாசிட்டரோ பலகைமேல் உரசினாலும் அதே கதை. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் கெப்பாசிட்டரே இல்லையென்றால் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை பேட்டரி இணைப்பில் பற்றவையுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு கணினியைத் திறக்கலாம். அப்போதும் முதல் வேலை பிஐடி அன்று. 2019இல் பீட்டாஃப்ளைட் 4.0 பதிப்போடு வந்த ஆர்பிஎம் ஃபில்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் கேட்டறிந்து, அந்த வேகத்தில் வரும் அதிர்வை மட்டும் வடிகட்டுகிறது. இருதிசை டிஷாட், அதாவது மோட்டாரின் வேகத்தை இஎஸ்சி பலகைக்குத் திருப்பிச் சொல்லும் தொடர்பு, இயங்கினால்தான் இது வேலை செய்யும். காந்த எண்ணிக்கையையும் சரியாகக் கொடுக்க வேண்டும். 2207 அளவு மோட்டார்களில் பொதுவாக 14. (இந்த மென்பொருளின் பூர்வீகமான மல்ட்டிவீ, நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவியின் ஜைரோவைப் பிரித்தெடுத்துப் பறந்தவர்களிடம் பிறந்தது. அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.) இதற்குப் பிறகும் சூடு இருந்தால் டியைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 30 வினாடி மட்டும் பறந்து, இறக்கித் தொட்டுப் பாருங்கள்.

பேட்டரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்கிவிடுங்கள். 1300 எம்ஏஎச் பேட்டரியை 1.3 ஆம்பியரில் ஏற்றுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அன்று பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். மே மாத வெயிலில் முழுதாக ஏற்றிய இரண்டு பேட்டரிகளை ஒரு வாரம் அலமாரியில் விட்டு, தலையணை போல உப்பிய நிலையில் எடுத்தேன். அவற்றை அதன்பின் நான் பயன்படுத்தவில்லை, நீங்களும் உப்பியதைப் பறக்கவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மேசையில் பேட்டரி செருகும் ஒவ்வொரு முறையும் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிடுங்கள். அப்படிக் கழற்றியிருக்கும்போதே மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார்கள் தாமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரிசெய்யும்வரை மைதானத்துக்குப் போகாதீர்கள்.

நான்கு மோட்டாரில் எது அதிகம் சுடுகிறது என்று தொட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள். நான்கும் ஒரே மாதிரி என்றால் பறக்கும்போது ட்ரோன் எழுதிவைக்கும் பிளாக்பாக்ஸ் பதிவையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.